பூட்டு

சத்துவாச்சாரியில் மூன்றாவது மாடி எங்களுடையது.
ஆறரைக்கு விரித்தால்
ஸ்கூல் வேன் வருமுன் காய்ந்துவிடும் பெட்ஷீட்.
வேலூர் வெயிலை ஊரே வைகிறது,
நான் வைததில்லை.
"தினமும் துவைக்கிறீங்க" என்பாள் எதிர்மாடி சுசிலா.
"மலைத்தூசி" என்பேன்.

முதலில் ஒரு மணி வாங்கினோம்.
ஈரம் பட்டால் அலறும்.
நான் எழுந்தேன், ஜெனிஃபா எழுந்தாள்,
மூன்று வயது ஷைனி எழுந்து வீறிட்டாள்,
கீழ்வீட்டு நாய் விடியும்வரை குரைத்தது.
கிருபன் மட்டும் தூங்கினான்.
ஒன்பது வயசுத் தூக்கம்
கிணற்றில் போட்ட கல்.

டோக்கன் எண்பத்திரண்டு.
"ஒண்ணுக்குப் போறதுக்கு நெஞ்சுல எதுக்கு ஒயரு?"
ஈசிஜி மேஜையில் படுத்தபடி கேட்டான்.
"இந்த மாத்திரை நெஞ்சுத் துடிப்பைக் கொஞ்சம் சீண்டும்,
அதான் முன்னாலயே பார்த்துக்கறோம்" என்றார் டாக்டரம்மா.
பிறகு எழுதிக்கொண்டே,
"வீட்டுல வேற யாருக்காவது இருந்துச்சா?"
"இல்லை" என்றாள் ஜெனிஃபா.
"எனக்கு" என்றேன். "பன்னெண்டு வயசு வரைக்கும்."
பதினோரு வருஷக் கல்யாணத்தில்
அவள் என்னை அப்படித் திரும்பிப் பார்த்ததில்லை.
கிருபனும் பார்த்தான்.
அந்தப் பார்வைக்கு
இன்னும் எனக்குப் பெயர் தெரியாது.

மருந்துக்கடைப் பையன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
"இது டிப்ரெஷனுக்குல்ல, யாருக்கு?" என்றான்,
வரிசையே கேட்கும்படி.
பணம் கட்டாமல் திரும்பிப் போய்
மறுபடி ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தேன்.
டாக்டரம்மா கோபிக்கவில்லை.
"அதே மாத்திரைதான். இவனுக்குச் சின்ன அளவு, வேற வேலை.
தூங்கப் போறப்ப ஒண்ணு.
மறந்தா மறந்ததுதான், மறுநாள் ரெண்டாப் போடாதீங்க.
நீங்களா நிறுத்தாதீங்க, நான் மெல்ல இறக்குவேன்.
மயக்கம், படபடப்பு, ஆளே மாறின மாதிரி எரிச்சல்,
எது வந்தாலும் உடனே வாங்க."
அப்புறம் என் மடியில்
ஃபைல் முனையைக் கடித்துக்கொண்டிருந்த ஷைனியைப் பார்த்தார்.
"இவ கையில கிடைச்சா உயிருக்கே ஆபத்து.
உயரத்துல வெச்சா போதாது. பூட்டணும்."

ஜெனிஃபாவின் நகைப்பெட்டி காலியாகத்தான் இருந்தது,
வளையல் அடகில்.
லாங் பஜாரில் பூட்டு நூற்று நாற்பது.
பத்து மாத்திரை உள்ளே,
சாவி என் ஆட்டோ சாவியோடு.

அதுதான் தப்பு.
ஒரு ராத்திரி காட்பாடியில் ரயில் மூன்று மணி நேரம் லேட்.
சவாரிக்கு முன்பணம் வாங்கிவிட்டேன்.
ஸ்டேஷன் வாசலில் நான், என் இடுப்பில் சாவி.
வீடு சேர்ந்தபோது பாய் நனைந்திருந்தது.
இரண்டாம் சாவி அன்றைக்கே
ஜெனிஃபாவின் கழுத்துச் சங்கிலிக்குப் போனது.
பல் விளக்கியபடி கிருபன் கேட்டான்:
"நாளைக்கு ஏலகிரி கேம்ப்.
இன்னிக்கு ரெண்டு போட்டுக்கவாப்பா, சேஃப்டிக்கு?"
"ஒண்ணுதான்."
"நீன்னா போட்டிருக்க மாட்டியா?"
"எனக்கு யாரு மாத்திரை குடுத்தா. சூடு போட்டாங்க."
தொடையைக் காட்டினேன்.
விரலால் ஒருமுறை தொட்டுவிட்டு
வாய் கொப்பளிக்கப் போனான்.

இரண்டு ராத்திரிக்கு இரண்டு,
பட்டையிலிருந்து கத்தரித்து, நேரம் எழுதி
அற்புதராஜ் வாத்தியாரிடம் கொடுத்தேன்.
எதற்கு என்றார்.
சொன்னேன்.
குரல் இறங்கித்தான் வந்தது, ஆனாலும் சொன்னேன்.

மறுநாள் காலை அவர் போனிலிருந்து பேசினான்.
"குளிருதுப்பா. வாய் காயுது. படகுல போறோம்."
வேறொன்றும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

கொடியில் கிளிப்புகள் மட்டும்.
"இன்னிக்குத் தூசி இல்லியா?" என்றாள் சுசிலா.
உள்ளே ஷைனி பெட்டியைத் தட்டித் தட்டி
"சாக்கெட், சாக்கெட்" என்கிறாள்.
பூட்டை இழுத்துப் பார்த்தேன்.
வாசல்வரை போய்த் திரும்பி வந்து
இன்னொரு தடவை.